ஒரு வாட் ஒலிபரப்பும் நூறு வாட் விதியும்

இந்தியாவில் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கி வைத்தவர்கள் ஆர்வலர்கள். அரசு பின்னால்தான் வந்தது. 1923 ஜூனில் பம்பாயிலும் அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவிலும் ரேடியோ கிளப்புகள் ஒலிபரப்பில் இறங்கின. 1924 மே 16 அன்று சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண ரேடியோ கிளப் உருவாயிற்று. ஜூலை 31 அன்று 40 வாட் திறனுள்ள ஒரு டிரான்ஸ்மிட்டருடன் அதன் ஒலிபரப்பு தொடங்கியது. பிறகு 200 வாட் கருவி வந்தது. 1927இல் பணமுடையால் கிளப் ஒலிபரப்பை நிறுத்தியபோது அந்தக் கருவி சென்னை மாநகராட்சியின் கைக்குப் போயிற்று. 1930 ஏப்ரலில் மாநகராட்சியே ஒலிபரப்பத் தொடங்கி, 1938இல் அகில இந்திய வானொலி அந்தப் பணியை ஏற்கும்வரை நடத்தியது. சென்னையின் வானொலி வரலாறு ஒரு பொழுதுபோக்குச் சங்கத்திலிருந்து பிறந்தது. நூறாண்டுகள் கழித்து, அதே நகரில் ஒருவர் தம் தெருவுக்கு மட்டும் கேட்கும்படி ஒரு வாட் திறனில் ஒலிபரப்ப விரும்பினால் அவர் நிரப்பித்தர ஒரு விண்ணப்பப் படிவம்கூடக் கிடையாது. கேட்டு மறுக்கப்படுவது வேறு. கேட்பதற்கே வழியில்லாமல் இருப்பது வேறு. நம் ஒலிபரப்புச் சட்டத்தின் குறை இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

இப்போதுள்ள ஏற்பாட்டைச் சுருக்கமாகப் பார்க்கலாம். 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும் அலைக்கற்றை முழுவதையும் மத்திய அரசின் அனுமதிக்குள் வைத்தன. அவற்றுக்கு மாற்றாக வந்த 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதே அடித்தளத்தில்தான் நிற்கிறது. அனுமதியின்றி வலையமைப்பை நிறுவுவோருக்கு மூன்றாண்டு வரை சிறை, இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது அதன் 42ஆம் பிரிவு. சிறிய ஒலிபரப்புக்கு நம்மிடம் இருக்கும் ஒரே வாசல் சமுதாய வானொலி. 2002 டிசம்பரில் அது கல்வி நிறுவனங்களுக்குத் திறந்தது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியாக ஒலித்தது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் அனுமதி கிடைத்தது. ஆனால் விண்ணப்பிக்கும் தொண்டு நிறுவனம் பதிவு பெற்று மூன்றாண்டுகளாவது இயங்கியிருக்க வேண்டும். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் பரிசீலனை, மற்ற அமைச்சகங்களின் ஒப்புதல், அலைவரிசை ஒதுக்கீடு, ஆன்டெனா நிறுத்தும் இடத்துக்கான அனுமதி, அரசுடன் ஒப்பந்தம், கடைசியாக இயக்க உரிமம் என்று வரிசையாகப் படிகள். இவ்வளவும் ஏறிய பின் கிடைப்பது 100 வாட் கதிர்வீச்சுத் திறனும் 30 மீட்டருக்கு மிகாத ஆன்டெனா உயரமும். தகுதியற்றோர் பட்டியலில் அரசியல் கட்சிகள், இலாப நோக்குள்ள அமைப்புகள், தடைசெய்யப்பட்ட அமைப்புகள் ஆகியவற்றோடு சேர்ந்து நிற்கிறார் தனிமனிதர்.

ஹாம் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலியாளர்கள் இருக்கிறார்களே என்று கேட்கலாம். தேர்வெழுதி உரிமம் பெறும் அவர்கள் சில நூறு வாட் வரை பயன்படுத்தி கண்டம் விட்டுக் கண்டம் பேச முடியும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த ஹாம் குழுவினர்தான் அந்தமானை வெளியுலகத்தோடு இணைத்தார்கள். ஆனாலும் அந்த உரிமம் ஒருவரோடு ஒருவர் பேசுவதற்கானது. பொதுமக்கள் கேட்கும்படி நிகழ்ச்சி நடத்த அதில் இடமில்லை. ஆக, தனிமனிதர் ஒருவர் தேர்வெழுதினால் நூற்றுக்கணக்கான வாட் திறனில் உலகோடு பேசலாம்; ஒரு வாட்டில் தம் ஊரோடு பேச முடியாது. இந்த முரண் யாரும் திட்டமிட்டு உருவாக்கியதாகத் தெரியவில்லை. பூஜ்யத்துக்கும் நூறு வாட்டுக்கும் இடையில் ஒரு படி தேவை என்று விதி வகுத்தவர்கள் எண்ணவே இல்லை. திறன் கூடக் கூடக் கட்டுப்பாடும் கூட வேண்டும், திறன் மிகக் குறைந்த இடத்தில் முன் அனுமதிக்குப் பதிலாகப் பொதுவான நிபந்தனைகளே போதும் என்பதே என் வாதம்.

ஒலிபரப்புக்கு உரிமம் எதற்காக? 1995இல் கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை குறித்து வங்காள கிரிக்கெட் சங்க வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுச்சொத்து என்றது. யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று அது சொல்லவில்லை. அலைக்கற்றை அளவானது, ஒருவர் பயன்பாடு இன்னொருவரைக் கெடுக்கக்கூடும், எனவே பொது அமைப்பு ஒன்று முறைப்படுத்த வேண்டும் என்றது. இந்த நியாயம் சரியானது. ஆனால் அந்த நியாயத்துக்குள்ளேயே அதன் எல்லையும் இருக்கிறது. கட்டுப்பாட்டுக்கு அடிப்படை இடையூறு என்றால், இடையூறின் அளவுக்கு ஏற்பவே கட்டுப்பாடும் இருக்க வேண்டும். பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்பவை. கொடைக்கானல் பண்பலை பல மாவட்டங்களில் கேட்கிறதென்றால் அதற்குத் திறன் மட்டும் காரணமில்லை, அது நிற்கும் மலையும் காரணம். சமவெளியில், ஒரு மாடி வீட்டின் மேல் வைத்த ஆன்டெனாவிலிருந்து ஒரு வாட் புறப்பட்டால் கட்டடங்களும் மரங்களும் அதை விரைவிலேயே விழுங்கிவிடும். ஓர் ஊர் அல்லது நகரத்தின் ஒரு வட்டாரம், அவ்வளவுதான் அதன் எல்லை. சில ஊர்கள் தள்ளி இன்னொருவர் அதே அலைவரிசையை எந்தச் சிக்கலும் இல்லாமல் பயன்படுத்தலாம். பெரிய நிலையத்துக்கு அலைக்கற்றை அரிய பொருள். இந்த அளவில் அந்த அருமை பெரிதும் குறைந்துவிடுகிறது.

இந்தத் தத்துவத்தை இந்திய அரசு ஏற்கனவே ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. வை-ஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 4 வாட் வரையான கதிர்வீச்சுக்கு 2005ஆம் ஆண்டு விதிகள் உரிம விலக்கு அளித்தன. அதே ஆண்டில் 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய குடிமக்கள் அலைவரிசையில், உள்ளமைந்த ஆன்டெனா கொண்ட 5 வாட் கருவிகளுக்கும் விலக்கு கிடைத்தது. இவற்றைப் பயன்படுத்துவோர் யாரும் டெல்லிக்கு விண்ணப்பம் அனுப்புவதில்லை. கருவி வரையறைக்குள் இருக்க வேண்டும், பிறருக்கு இடையூறு செய்யக் கூடாது, பிறரால் இடையூறு வந்தால் பாதுகாப்புக் கோரக் கூடாது, இவையே நிபந்தனைகள். ஐந்து வாட்டில் உரிமமின்றி ஒருவரோடொருவர் பேச அனுமதிக்கும் அரசு, ஒரு வாட்டில் ஊருக்குச் சேதி சொல்வதைக் குற்றமாக்குகிறது என்றால் வேறுபாடு திறனில் இல்லை, கேட்போரில்தான் இருக்கிறது. பலர் கேட்கும்படி ஒருவர் பேசுவதைக் குறித்த தயக்கமே இங்கே விதியாக நிற்கிறது. அந்தத் தயக்கத்துக்கும் காரணங்கள் உண்டு. அவற்றைப் பின்னால் எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அதைத் தொழில்நுட்பக் காரணம் என்று சொல்ல முடியாது.

நியூசிலாந்து இதை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. அங்கே குறைதிறன் பண்பலைக்குப் பொதுப் பயனர் உரிமம் என்ற ஏற்பாடு உள்ளது. நாட்டிலுள்ள எல்லோருக்குமாக அரசு ஒரே ஓர் உரிமத்தை வெளியிட்டு வைத்திருக்கிறது. அதன் நிபந்தனைகளுக்கு உட்பட்டு யாரும் ஒலிபரப்பலாம். தனித்தனியாக விண்ணப்பமும் இல்லை, கட்டணமும் இல்லை. 87.6 முதல் 88.3 மெகாஹெர்ட்ஸ் வரையும், 106.7 முதல் 107.7 வரையும் இதற்கென ஒதுக்கப்பட்டவை. முன்பு அரை வாட்டாக இருந்த திறன் வரம்பு 2010இல் ஒரு வாட்டாக உயர்ந்தது. நிபந்தனைகள் சிலவே என்றாலும் நன்கு யோசித்து வகுக்கப்பட்டவை. ஒலிபரப்புபவர் தம்மைத் தொடர்புகொள்ளும் விவரத்தை மணிக்கு ஒருமுறையாவது ஒலிபரப்பிலேயே அறிவிக்க வேண்டும். ஒரே நிகழ்ச்சியை அருகருகே பல குறைதிறன் கருவிகள் மூலம் ஒலிபரப்பவும் கட்டுப்பாடு உண்டு. இதனால் பணமுள்ள ஒருவர் சின்னக் கருவிகளைச் சங்கிலியாக நிறுத்தி ஒரு நகரத்தையே பிடித்துவிட முடியாது. ஒலிபரப்பு உள்ளடக்கத்துக்கான பொதுச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும். அந்நாடு வரம்பைக் குறைக்காமல் இரட்டிப்பாக்கியது என்பதே அனுபவம் எப்படி இருந்தது என்பதற்குச் சான்று. ஒரு வாட்டைத் திறந்துவிட்டால் வானலையில் குழப்பம் மூளும் என்பது உண்மையானால், அங்கே வரம்பு கீழே இறங்கியிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் கதை இன்னொரு பாடத்தைத் தருகிறது: இடையூறு என்ற அச்சத்தை ஆய்வுக்கு உட்படுத்தினால் என்ன ஆகும் என்பதே அது. அங்கே பத்து வாட் கல்வி நிலையங்களுக்கு 1948 முதல் இடம் இருந்தது. 1978இல் அந்தக் கதவு அடைக்கப்பட்டது. அதன் பிறகு 1980களின் இறுதியிலும் 1990களிலும் உரிமமில்லாத சிறு நிலையங்கள் நகரங்களில் முளைத்தன. வழியை அடைத்தால் நடப்பது நின்றுவிடாது, விதிக்கு வெளியே நடக்கும் என்பதற்கு அது சாட்சி. 2000 ஜனவரியில் வில்லியம் கென்னார்டின் தலைமையில் மத்திய தகவல்தொடர்பு ஆணையம் 100 வாட், 10 வாட் என இருவகைக் குறைதிறன் நிலையங்களுக்கு வழி திறந்தது. வணிக ஒலிபரப்பாளர் சங்கம் மட்டுமின்றி, தேசியப் பொது வானொலியும் இடையூறு என்று சொல்லி எதிர்த்தது. அந்த ஆண்டு டிசம்பரிலேயே நாடாளுமன்றம் குறுக்கிட்டு, இருக்கும் நிலையத்திலிருந்து 0.6 மெகாஹெர்ட்ஸ் தள்ளியுள்ள அலைவரிசையிலும் சிறு நிலையம் கூடாது என்று சட்டமியற்றியது. நெரிசலான பெருநகரங்களில் அதன் விளைவு ஏறக்குறைய முழுத்தடை. அதே சட்டம் ஓர் ஆய்வையும் கேட்டது. மைட்டர் நிறுவனம் களச்சோதனை நடத்தி 2003இல் தந்த அறிக்கை, அந்த இடைவெளியில் குறிப்பிடத்தக்க இடையூறு இல்லை, இருந்தாலும் அது டிரான்ஸ்மிட்டருக்கு மிக அருகில் மட்டுமே என்றது. ஆணையமும் 2004இல் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. நீக்கும் சட்டம் 2011 ஜனவரி 4 அன்றுதான் கையெழுத்தானது. விடை தெரிந்த பிறகும் ஏழாண்டுகளுக்கு மேல் பழைய அச்சமே சட்டமாக இருந்தது. இந்த உரிமங்கள் அமெரிக்காவிலும் அமைப்புகளுக்கே கிடைக்கின்றன. தனிமனிதருக்கு அங்கே இருப்பது சுமார் 60 மீட்டர் தூரம் கேட்கும் அளவுக்கான உரிமமில்லா அனுமதி மட்டுமே. எனவே அந்நாட்டை முழு முன்மாதிரி என்று சொல்ல மாட்டேன். இடையூறு பற்றிய வாதத்துக்கு அங்கே கிடைத்த சான்றைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஜப்பானில் நடந்தது மூன்றாவது வகை. 100 மீட்டர் தொலைவில் மீட்டருக்கு 15 மைக்ரோவோல்ட்டுக்கு மிகாத அலைவலு கொண்ட கருவிகளுக்கு அந்நாட்டு விதிகள் உரிமம் கேட்கவில்லை. விளையாட்டுக் கருவிகளுக்காக விடப்பட்ட அந்த இடைவெளியில் 1980களின் தொடக்கத்தில் மினி எஃப்.எம். என்ற இயக்கமே வளர்ந்தது. நடந்துபோய் எட்டிவிடும் தொலைவுக்குள் கேட்கும் வானொலி என்பதை ஒரு குறையாக நினைக்காமல், அதையே அதன் சிறப்பு என்று வாதிட்டார் சிந்தனையாளர் டெட்சுவோ கோகாவா. 1986இல் அந்த வரம்பு திருத்தப்பட்டது. ஆனால் 1995 ஜனவரி 17 கோபே நிலநடுக்கம் அந்த அனுபவத்தின் பயனைக் காட்டியது. நகாதா வட்டாரத்தில் கொரியர்களுக்கும் வியட்நாமியருக்கும் அவர்கள் மொழிகளில் செய்தி சொல்லச் சின்னஞ்சிறு நிலையங்கள் தோன்றின. அவை ஒன்றிணைந்து, சரியாக ஓராண்டு கழித்து முறையான சமுதாய நிலையமாக உரிமம் பெற்றன. பேரிடர் காலத்துக்கான தற்காலிக நிலையம் என்ற தனி உரிம வகையும் நிலநடுக்கம் நேர்ந்த 1995இலிருந்தே வழக்கத்துக்கு வந்தது. 2011 சுனாமிக்குப் பின் அந்த வகையில் இருபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்கின. பேரிடர் வந்த பிறகு கருவி வாங்கி, ஆள் தேடி, கற்றுக்கொண்டு ஒலிபரப்ப முடியாது. சாதாரண நாளில் பழகிய கைகள் ஊரில் இருக்க வேண்டும். அந்தக் கைகளை உருவாக்குவது பொழுதுபோக்கு ஒலிபரப்பே.

இனி மறுப்புகள். முதலாவது, விமானப் போக்குவரத்து. பண்பலைப் பகுதி 108 மெகாஹெர்ட்ஸில் முடியும் இடத்தில் விமானங்களின் வழிகாட்டு அலைவரிசைகள் தொடங்குகின்றன. 118க்கு மேல் விமானிகளின் பேச்சு. இந்தக் கவலையை அலட்சியப்படுத்தக் கூடாது. ஆனால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கடைத்தெருவில் கிடைக்கும் மலிவான டிரான்ஸ்மிட்டர் பலகையில் அலைவரிசையைத் தீர்மானிப்பது ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு கம்பிச்சுருளும். கருவி சூடேறச் சூடேற அலைவரிசை நகரும். கை பக்கத்தில் போனாலே நகரும். 88 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பும்போது அதன் இரட்டிப்பான 176இலும் தேவையற்ற அலை கசியும். இரண்டுக்கும் மருந்து உண்டு, அது விலை உயர்ந்ததும் அல்ல: அலைவரிசையைப் படிகத்தோடு பூட்டி வைக்கும் சுற்று ஒன்று, ஆன்டெனாவுக்கு முன்னால் சில சுருள்களும் மின்தேக்கிகளும் கொண்ட வடிகட்டி ஒன்று. கருவி வகையைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை நம்மிடம் ஏற்கனவே உண்டு. சான்றுபெற்ற கருவி மட்டுமே, 108க்கு அருகில் இடமில்லை, விமான நிலையங்களைச் சுற்றி விலக்கு வளையம் என்று மூன்று நிபந்தனைகள் இந்தக் கவலைக்குப் போதும். முழுத்தடைதான் நேர்மாறான விளைவைத் தருகிறது. பிகாரின் வைசாலி மாவட்டத்து மன்சூர்பூரில் வானொலி பழுதுபார்க்கும் இளைஞர் ஒருவர் தம் கையால் செய்த கருவியைக் கொண்டு சில ஆண்டுகள் சுற்றுவட்டாரத்துக்குப் பாட்டும் அறிவிப்பும் ஒலிபரப்பினார். 2006இல் அதிகாரிகள் நிலையத்தை மூடினார்கள். அவர் வடிகட்டி பொருத்தினாரா என்று கேட்க ஒரு விதி இருந்திருந்தால் அவர் பொருத்தியிருப்பார். அவருக்கு இருந்த விதி நிறுத்து என்பது மட்டுமே.

இரண்டாவது மறுப்பு கனமானது: வதந்தி, வெறுப்பு, பாதுகாப்பு. 1994இல் ருவாண்டாவில் ஒரு வானொலி இனப்படுகொலையைத் தூண்டியதை யாரும் மறக்கக் கூடாது. ஆனால் அந்த நிலையம் அரசின் அனுமதி பெற்றே இயங்கியது. ஆட்சியிலிருந்தோரின் ஆதரவும் அதற்கு இருந்தது. முன் அனுமதி வெறுப்பை வடிகட்டிவிடும் என்ற நம்பிக்கைக்கு எதிரான சாட்சியே அது. நம் நாட்டில் 2018இல் குழந்தை கடத்தல் வதந்தி வாட்ஸ்அப்பில் பரவி, தமிழ்நாடு உள்படப் பல மாநிலங்களில் உயிர்களைப் பறித்தது. முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடிப்பதே அங்கே பெரும்பாடு. ஒரு வாட் நிலையமோ ஒரே இடத்தில் நிற்கிறது. அதன் அலையே அது இருக்கும் திசையைக் காட்டிக்கொடுக்கிறது. பெயரையும் தொடர்பையும் மணிக்கொருமுறை சொல்ல வேண்டும் என்று விதித்தால் பேசியவர் யார் என்பதில் ஐயமே இராது. தீய நோக்கமுள்ளவர் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கப் போவதில்லை. தடை தடுப்பது நேர்மையானவர்களை மட்டுமே. எல்லைப் பகுதிகளில் நிலைமை வேறு என்றால் அங்கே விலக்கு வைக்கலாம். அதற்காக நாடு முழுவதையும் எல்லைப் பகுதியாகக் கருத வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் கோயில் திருவிழாவுக்கும் பொதுக்கூட்டத்துக்கும் மைக்செட் வைக்க உள்ளூர்க் காவல் துறையே அனுமதி தருகிறது. ஒலிபெருக்கி கேட்க விரும்பாதவர் காதிலும் விழுகிறது. வானொலியைத் திருப்பி வைத்தவர் மட்டுமே கேட்கிறார். முன்னதை உள்ளூரில் முறைப்படுத்த முடிந்த நமக்குப் பின்னதை முறைப்படுத்துவது இயலாத காரியமல்ல.

மூன்றாவது, இணையம் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்வி. யூடியூபில் யாரும் பேசலாம் என்பது உண்மைதான். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்தபோது நாகப்பட்டினம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் மின்கம்பங்களோடு கைபேசிக் கோபுரங்களும் ஓய்ந்துபோயின. ஐந்து வாட் மின்சாரம் இழுக்கும் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டரை, கணினியின் யு.பி.எஸ். பெட்டிக்குள் இருக்கும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றே பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் இயக்கும். கேட்பவருக்கு டேட்டாவும் வேண்டாம், கணக்கும் வேண்டாம். பேரிடர் நேரத்தில் பண்பலை தேவை என்பதைக் காரணம் காட்டி, கைபேசிகளில் எஃப்.எம். வசதியை முடக்காதீர்கள் என்று மத்திய அரசே 2023இல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்தியது. கேட்கும் கருவி வேண்டும் என்று வலியுறுத்தும் அரசு, அருகிலிருந்து பேசக்கூடிய குரலைப் பற்றியும் யோசிக்க வேண்டும். சமுதாய வானொலிகள் அந்த வேலையைச் செய்யாதா என்றால், இருக்கும் இடத்தில் மிக நன்றாகவே செய்கின்றன. பாம்பனில் 2016இல் தொடங்கிய கடல் ஓசை எஃப்.எம். மீனவர்களுக்குக் காற்றும் அலையும் சொல்லும் நிலையமாக நிற்கிறது. ஆனால் நிறுவனமும் நிதியும் அலுவலர்களும் உள்ள ஊர்கள் சில. வானொலியில் ஆசையும் கைப்பழக்கமும் உள்ள ஒருவராவது இருக்கும் ஊர்கள் பல.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. பொதுநலன் கருதி அனுமதித் தேவையிலிருந்து விலக்கு அளிக்க மத்திய அரசுக்கு 2023ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவே அதிகாரம் தருகிறது. 2005இல் வை-ஃபைக்குச் செய்ததைப் போல ஓர் அறிவிக்கையே போதும். பண்பலைப் பகுதியின் கீழ்முனையில் ஒரு சிறு இடம், ஒரு வாட் உச்சவரம்பு, ஆன்டெனா உயரத்துக்கும் வரம்பு, சான்றுபெற்ற கருவி, இணையத்தில் பெயரும் முகவரியும் இடமும் பதிவு, மணிக்கொருமுறை அடையாள அறிவிப்பு, ஒருவருக்கு ஒரு நிலையம், இடையூறு என்று புகார் வந்தால் உடனே நிறுத்தும் கடமை. குற்றம் செய்தால் தண்டிக்கப் பொதுச் சட்டங்கள் இருக்கின்றன. ஆண்டுக்கணக்கில் தயங்குவதைவிட, புயல் அடிக்கடி தாக்கும் ஒரு கடலோர மாவட்டத்தில் மூன்றாண்டு சோதனையாகத் தொடங்கி, அலைக் கண்காணிப்பு நிலையங்களின் அளவீடுகளை வெளியிட்டு, அதன்படி முடிவெடுப்பது நியாயமான வழி. இடையூறு உண்மையில் நேர்ந்தால் விலக்கைத் திரும்பப் பெறலாம். அந்த முடிவை நானும் ஏற்பேன், ஏனென்றால் அது சான்றிலிருந்து வந்திருக்கும். பொதுச்சொத்து என்று நீதிமன்றம் சொன்ன ஒன்றில் பொதுமக்களில் ஒருவருக்கு ஒரு வாட் அளவுகூடப் பங்கில்லை என்றால், அதற்கான காரணத்தை அளந்து காட்டும் பொறுப்பு தடை விதித்திருக்கும் அரசுக்கே உரியது.